இஸ்ஸை வாஸ் ஆக்கிய வாரம்

என்னுடைய சிவப்புப் பேனா ஆட்களைக் கொல்கிறது என்று நான் நம்பினேன்.

சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள். பிறகு இடம் கிடைக்காது. பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பிக்கிறவன், மூக்குக்கண்ணாடிக்காரன், கலியாண வீடுகளில் ஜின் கதை எடுக்கிறவர்களை மடக்கி மடக்கிக் கேள்வி கேட்டு அவர்களுடைய புரியாணியைப் பழுதாக்குகிறவன். அப்படிப்பட்ட நான், புத்தகக் கடையில் வாங்கிய ஒரு சாதாரணப் பேனாவைக் கைக்குட்டையில் சுற்றி, அலுமாரியின் மேல்தட்டில் யாசீன் கிதாபுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, அது அங்கே அடங்கிக் கிடக்கிறதா என்று கதிரையில் ஏறி ஏறிப் பார்த்தேன்.

அது கச்சான் காற்று வீசிய காலம். மேற்கே வயல் பக்கமிருந்து சூடாக வந்து, கல்முனைக்குடியின் கதவுகளையெல்லாம் அடித்துச் சாத்தி, சோற்றுக்குள் மண்ணைப் போட்டுவிட்டுக் கடலுக்குள் இறங்குகிற காற்று. அந்தக் காற்றில் பள்ளிவாசல் ஒலிபெருக்கியின் சத்தம் நேராக வராது. ஒரு சொல் பக்கத்து வீட்டுக் கூரையில் கேட்கும். அடுத்த சொல் நம்முடைய கிணற்றுக்குள் கேட்கும்.

ஒரு நாள் காலை, முற்றத்தில் நின்று பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தேன். ஒலிபெருக்கி தொண்டையைச் செருமியது. எங்கள் ஊரில் பாங்கு நேரம் அல்லாத நேரத்தில் வரும் அந்தச் செருமலுக்கு ஒரு கருத்துத்தான்: ஊரில் ஒரு மௌத்து, யாரோ இறந்துவிட்டார். தெருவில் போன சைக்கிள் நின்றது. அடுத்த வீட்டில் தேங்காய் துருவுகிற சத்தம் நின்றது. எல்லாரும் யார் என்று காது கொடுத்தோம்.

"கல்முனைக்குடியைப் பிறப்பிடமாகவும் சவளக்கடையை வசிப்பிடமாகவும் கொண்ட..." என்று மோதினார் தொடங்கினார். காற்று பெயரைப் பிடுங்கிக்கொண்டு போனது. பிறகு, வேண்டாம் என்பது போல, திருப்பிக் கொண்டுவந்து என் காதருகே போட்டது. இஸ்மாலெவ்வை போடியார்.

அந்த வயல் சொந்தக்காரரை நான் ஒரு நாளும் கண்டதில்லை. ஆனால் பெயரைத் தெரியும். முந்தின நாள் பின்னேரம்தான் அவரைத் திருத்தியிருந்தேன்.

கால் நோகும் வகுப்பு

இந்தத் தொடரில் சென்ற வாரம் என் பழைய மோட்டார் சைக்கிளைப் பற்றி எழுதியிருந்தேன். அதை வாசித்த சாய்ந்தமருது நண்பர் ஒருவர், "ஓட்டை சைக்கிளுக்கு ஒரு அத்தியாயம், ஓங்கட பொம்புளைகள் வகுப்புக்கு ஒண்டுமில்லையா?" என்று கேட்டார். இருக்கிறது. அதைச் சொன்னால் நான் பயந்த கதையையும் சொல்ல வேண்டும் என்பதால்தான் ஒளித்து வைத்திருந்தேன்.

லுஹர், அஸர் தொழுகைகளுக்கு நடுவில், ஆம்பிளைகள் பகல் உறங்கும் நேரத்தில், எங்கள் வீட்டு மண்டபத்தில் அந்த வகுப்பு நடந்தது. வந்தவர்கள் எல்லாரும் குடும்பப் பெண்கள். ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். பிள்ளையின் வீட்டுவேலை விளங்கவில்லை என்று வந்தவர் உண்டு. பக்கத்து வீட்டுக்காரி வருகிறா என்ற ஒரே காரணத்துக்காக வந்தவரும் உண்டு. வகுப்பிலேயே மூத்தவர் மஸ்ஊதா ராத்தா. அவருடைய மகள் கட்டாரில் இருக்கிறா. பேரப்பிள்ளை தொலைபேசியில் ஆங்கிலத்தில் மட்டும்தான் அழுகிறதாம்.

அவர்களுக்கு எழுத்துப் பிழை பெரிதாக வராது. வந்ததெல்லாம் காலப் பிழை. ஒரே பந்திக்குள் நேற்றுக்கும் இன்றைக்கும் ஓட்டோ பிடித்துப் போய் வருவார்கள். முதல் வரியில் நேற்றுச் சந்தைக்குப் போனவர், இரண்டாம் வரியில் இப்போது மீன் விலை கேட்பார், மூன்றாம் வரியில் அந்த மீன் போன கிழமையே பழுதாகியிருக்கும்.

"பஸ்ஸில ஏறினா இறங்குற இடம் வரைக்கும் அதே பஸ்ஸில இரிங்க" என்று நான் சொல்வேன். "அக்கரைப்பற்று பஸ்ஸில ஏறிப்போட்டு, நடுவழியில யன்னலால பாஞ்சி மட்டக்களப்பு பஸ்ஸப் புடிக்கப்படாது. பாஸ்ட் டென்ஸில தொடங்கினா பாஸ்ட் டென்ஸிலேயே முடிங்க."

"கதைக்கக்குள்ள நாங்க அப்பிடித்தானே சேர் கதைக்கிற?" என்றார் மஸ்ஊதா ராத்தா. "நேத்து மீங்காரன் வந்தான், நான் கேக்கன், அவன் செல்றான், நான் ஏசிப்போட்டன். எல்லாருக்கும் விளங்குதுதானே?"

"கதைக்கலாம் ராத்தா. எழுதக்குள்ள ஒரே காலத்துல நில்லுங்க."

"ஒரே காலத்துல நிண்டா மனுசனுக்குக் கால் நோகாதா சேர்?"

வகுப்பு உருண்டு சிரித்தது. நான் கரும்பலகைப் பக்கம் திரும்பிச் சிரித்தேன். வாத்தியாருக்கு அது ஒன்றுதான் சலுகை.

அந்தச் சிரிப்புக்குப் பழிவாங்கத்தான் அந்தத் தலைப்பைக் கொடுத்தேன். ‘சென்ற கிழமை நான் போய்ப் பார்த்த ஒருவர்.’ பார்த்தது முடிந்துபோன விஷயம். தப்பி ஓட வழியே இல்லை. தலைப்பை எழுதிவிட்டு, கண்ணி வைத்தவனைப் போல உள்ளுக்குள் மகிழ்ந்தேன்.

கொப்பிகள் வந்தன. நஸீஹா என்ற புதுப்பெண் சவளக்கடையிலுள்ள தன் மாமாவைப் பற்றி எழுதியிருந்தாள். மாமா ‘இஸ்’ உயரமான மனிதர். மாமா உறங்கினார். மாமாவுக்கு வெள்ளைத் தாடி ‘இருக்கிறது’. மாமாவின் பெயர் ‘இஸ்’ இஸ்மாலெவ்வை. நான் சிவப்புப் பேனாவை எடுத்து வரிசையாக எல்லா ‘இஸ்’ஸையும் ‘வாஸ்’ ஆக்கினேன். நியாயமாகப் பார்த்தால், உயிரோடு இருக்கிறவரின் உயரத்தையும் பெயரையும் நிகழ்காலத்திலேயே விட்டிருக்கலாம். ஆங்கிலம் அதற்கு இடம் கொடுக்கும். படிக்கத் தொடங்கியவர்களுக்கு ஒரு சட்டம் போதும், விதிவிலக்கைப் பிறகு பார்ப்போம் என்று நினைத்தேன்.

மனிதர் பிறகு வரைக்கும் நிற்கவில்லை.

கிணற்றுக்குள் இரண்டாவது பெயர்

முதல் அறிவித்தலை நான் பெரிதாக எடுக்கவில்லை. இன்னா லில்லாஹி சொன்னேன். ஆறிப்போன பிளேன்டீயை ஊற்றினேன். பள்ளிக்கூடம் போனேன். ஆனால் முதுகுத் தண்டில் ஒரு எறும்பு ஏறியது. அதைத் தட்டிவிட முடியவில்லை.

ஓரிரு நாள் போயிற்று. அன்றும் காற்று. அன்றும் காலை. செருமல். இந்த முறை சத்தம் முழுவதும் கிணற்றுக்குள்ளிருந்துதான் வந்தது. வளையல் வியாபாரம் செய்த ஆசியாஉம்மா.

நான் முற்றத்திலேயே குந்திவிட்டேன். மஸ்ஊதா ராத்தா எழுதியது அவவைப் பற்றித்தான். ஆசியாஉம்மாவுக்குத் தேத்தண்ணி ‘பிடிக்கும்’ என்று ராத்தா எழுதியிருந்தார். ‘பிடித்தது’ என்று நான் திருத்தினேன். ஆசியாஉம்மா பக்கத்துத் தெருவில் ‘வசிக்கிறா’ என்று எழுதியிருந்தார். அதையும் நான் விட்டுவைக்கவில்லை.

தமிழில் அந்தக் காலத்துக்குப் பெயர் வைத்தவர்களையும் அன்று கொஞ்சம் ஏசினேன். இறந்த காலமாம். வேறு பெயரா கிடைக்கவில்லை?

என்னைப் பற்றி ஒரு உண்மையைச் சொல்ல வேண்டும். நான் அறிவால் தைரியசாலி, காலால் கோழை. சுனாமியில் கடல் பொங்கியதற்குப் பிறகு வந்த வருடங்களில், "கடல் வருது" என்று யாராவது ஒருவர் கத்தினால் ஊரே மேற்கே ஓடும். அப்படி ஒரு வதந்தி நாளில், "விஞ்ஞான அடிப்படை இல்லாமல் ஓடாதீர்கள்" என்று தெருவில் நின்று விளக்கம் சொன்னவன் நான். விளக்கம் முடிந்தபோது சவளக்கடை வீதியில், எல்லாருக்கும் முன்னால், ஒரு கையில் தலையணையும் மறு கையில் குக்கர் மூடியுமாக நின்றேன். குக்கர் வீட்டில். பெண்சாதி எனக்குப் பின்னால், பிள்ளைகளையும் வீட்டு உறுதிக் கடுதாசிகளையும் தூக்கிக்கொண்டு நடந்து வந்தா.

அந்த மூடியைப் பற்றி எங்கள் வீட்டில் இன்றைக்கும் கதைப்பார்கள்.

சேவலில் ஒரு சோதனை

படித்தவன் அல்லவா? சோதனை செய்து பார்ப்போம் என்று முடிவெடுத்தேன். மனிதர்களில் சோதிக்க மனம் வரவில்லை. அடுத்த வீட்டில் ஒரு சேவல் இருந்தது; நேரம் காலம் தெரியாத சேவல். நான் உறங்கப் போனால் கூவும். அந்தி மஃரிபுக்குச் சற்று முன்னால், கதவைச் சாத்திக்கொண்டு, ஒரு வெள்ளைத் தாளில் எழுதினேன்: அடுத்த வீட்டுச் சேவல் ‘இஸ்’ சத்தமானது. பிறகு சிவப்புப் பேனாவால் ‘இஸ்’ஸை வெட்டினேன். மேலே ‘வாஸ்’ என்று எழுதினேன். எழுதும்போது காற்று திடீரென்று நின்றது. மேசை விரிப்பின் நூல்கூட அசையவில்லை.

மறுநாள் விடிந்தது. சேவல் கூவவில்லை.

நான் கட்டிலில் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தேன். கூவு, வாப்பா, கூவு. சத்தமே இல்லை. வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தேன். அது வழக்கமாக நிற்கும் மரக்குற்றியில் ஒரே ஒரு சிறகு ஒட்டிக்கொண்டு காற்றில் நடுங்கியது. நான் பேனாவைக் கைக்குட்டையில் சுற்றியது அப்போதுதான்.

பகல் சோற்று நேரம் வேலிக்கு மேலால் ஒரு கோப்பை வந்தது. "சேர், மச்சான் ஆக்கள் கொழும்பில இரிந்து வந்திரிக்காங்க. சேவல அறுத்த நாங்க. ஓங்களுக்கும் கொஞ்சம்." சிரித்துவிட்டு வாங்கி உண்டிருக்கலாம். என்னால் முடியவில்லை. மச்சான் ஆட்கள் ஏன் நேற்று வந்தார்கள்? ஏன் போன மாதம் வரவில்லை? பயந்தவனுக்கு எந்த விளக்கத்தைக் கொடுத்தாலும் அதையும் பயத்தின் கணக்கில்தான் வரவு வைப்பான்.

கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் மூன்றாவது கொப்பி நினைவுக்கு வந்தது. 

அன்றைக்கு நான் திருத்தியவற்றில் பளீலாவின் கட்டுரையும் இருந்தது. அவள் எழுதியது யாரைப் பற்றியென்றால், தன் புருஷன் கபூரைப் பற்றி. ஆழ்கடல் படகில் போய், நாட்கணக்காகக் கடலில் கிடந்து மீன் பிடிக்கிறவர். அப்போதும் கடலில்தான் இருந்தார்; மற்றக் கொப்பிக்காரர்கள் எல்லாரும் கரையில்.

"இஸ் எண்டே இரிக்கட்டும்"

அன்று வகுப்புக்குப் பளீலா வந்தாள். மூலையில், யன்னல் பக்கம், கடல் இருக்கிற திசையைப் பார்த்து உட்கார்ந்தாள். என் மண்டபத்திலிருந்து கடல் தெரியாது. ஒரு மதில்தான் தெரியும். அவள் அந்த மதிலைப் பார்த்தாள்.

"பளீலா, போன கட்டுரைக் கொப்பியை ஒருக்காத் தாங்க" என்றேன். 

கொப்பியைத் திறந்தேன். ‘மை ஹஸ்பண்ட் இஸ் எ ஃபிஷர்மேன். ஹி சிட்ஸ் இன் த யார்ட். ஐ கேவ் எ டிரிங்க். ஹி டஸ் நொட் டோக். த விண்ட் வாஸ் ஹொட்.’ அவ்வளவுதான். ஐந்து வரிக்குள் எத்தனை தடவை பஸ் மாறியிருக்கிறாள் என்று அன்றைக்கு ஓரத்தில் கிண்டலாகவும் எழுதியிருந்தேன். இப்போது, அவள் கணவரின் தொழிலுக்கு மேல், இருக்கைக்கு மேல், மௌனத்துக்கு மேல், என் கையெழுத்து சிவப்பாகக் கிடந்தது.

வெள்ளை மையை எடுத்து என் சிவப்புத் திருத்தம் ஒவ்வொன்றையும் அழித்தேன். அவசரத்தில் பாதி மேசையும் வெள்ளையானது. நீலப் பேனாவால் அவள் எழுதியபடியே ‘இஸ்’ முதல் எல்லாவற்றையும் திருப்பி எழுதினேன். அழுத்தி எழுதினேன்.

மஸ்ஊதா ராத்தா எட்டிப் பார்த்துவிட்டார். "என்ன சேர், சட்டம் மாறிட்டா? நாங்க எழுதினா பிழை, நீங்க எழுதினாச் சரியா?"

"இது... விதிவிலக்கு ராத்தா."

"எங்களுக்கு விதிவிலக்கு இல்ல. பளீலாக்கு மட்டும் விதிவிலக்கு. பாருங்ககா, சேர் ஆள் பாத்துப் படிப்பிக்காரு!"

எல்லாரும் சிரித்தார்கள். பளீலா சிரிக்கவில்லை. ஈரம் காயாத அந்த வெள்ளையை விரல் படாமல் பார்த்தாள். பிறகு மிக மெதுவாகச் சொன்னாள்: "அவருக்கு இஸ் எண்டே இரிக்கட்டும் சேர்."

 இவளுக்கு எப்படித் தெரியும்? என் பேனாவைப் பற்றி நான் யாருக்கும் சொல்லவில்லை. பெண்சாதிக்குக்கூட. அவள் கண்ணைப் பார்த்தேன். அதற்குள்ளும் பயம் இருந்தது. என்னுடைய பயத்தைவிடப் பழைய பயம் அது.

ஜெஸீமா கேட்ட கேள்வி

அஸர் தொழுதுவிட்டு வந்து குசினி வாசலில் நின்றேன். என் பெண்சாதி ஜெஸீமா மீன் கழுவிக்கொண்டிருந்தா.

"என்ன, கொஞ்ச நாளா ஜின் அடிச்ச ஆள் மாதிரித் திரியிறீங்க? அலுமாரிக்கு மேல என்ன ஒளிச்சி வெச்சிரிக்கிங்க?"

சொன்னேன். எல்லாவற்றையும். போடியார், ஆசியாஉம்மா, சேவல், மூன்றாவது கொப்பி. முதலில் அவ உதட்டைக் கடித்தா. பிறகு கத்தியைக் கீழே வைத்தா. பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தா.

"அல்லாஹ்! குக்கர் மூடியே நல்லம்."

"சிரிக்காத ஜெஸீமா. ரெண்டு மௌத்து."

"போன கிழமை போய்ப் பாத்த ஆளப் பத்தி எழுதுங்க எண்டு சென்னது ஆரு?"

"நான்."

"இந்த ஊர்ப் பொம்புளைகள் கிழமையில எங்க போற? செல்லுங்க பாப்பம். கடலுக்கா, கச்சேரிக்கா? அஸருக்குப் பிறகு அபாயாவப் போட்டுக்கிட்டு எல்லாரும் சேர்ந்து எங்க போற?"

நான் மீனைப் பார்த்தேன்.

"நோயாளி பாக்க! நானும்தான் போறன். நீங்க ஒரு நாளாவது எங்க போறாய் எண்டு கேட்டிங்களா?"

உண்மைதான். எங்கள் பக்கத்தில் யாருக்காவது சுகமில்லை என்றால் பெண்கள் கூட்டமாகப் போய்ப் பார்ப்பார்கள். அது நன்மையான காரியம். அதோடு வீட்டைவிட்டு வெளியே இறங்க அவர்களுக்கு வாய்க்கும் ஒரே பயணமும் அதுதான். பிஸ்கட் பக்கெட், ஒரு பை தோடம்பழம், ஒரு துஆ. சவளக்கடை வரைக்கும் வான் பிடித்துக்கூடப் போவார்கள். இஸ்மாலெவ்வை போடியாருக்கு இரண்டு சிறுநீரகமும் போய்ப் பல மாதமாம். ஆசியாஉம்மா மூச்சு முட்டிக் கட்டிலோடு கிடந்தது தெருவுக்கே தெரியுமாம், எனக்கு மட்டும் தெரியாதாம்.

மற்றக் கட்டுரைகளையும் மனதுக்குள் புரட்டினேன். கால் விரல் எடுத்த சாச்சா. இடுப்பு முறிந்த மாமி. எல்லாக் கட்டுரையிலும் ஒரு கட்டில் இருந்தது. எல்லாக் கட்டிலுக்குப் பக்கத்திலும் ஒரு பிஸ்கட் பக்கெட் இருந்தது. அவர்கள் என்னிடம் ஒரு முழு வார்ட்டையே கொண்டுவந்து தந்திருக்கிறார்கள். நான் அதற்குள் வினைச்சொல் பொறுக்கியிருக்கிறேன்.

எனக்கும் சிரிப்பு வந்தது. வயிறு நோகச் சிரித்தேன். சிரித்து முடிந்து கண்ணைத் துடைத்தபோது, ஜெஸீமா சிரிக்காமல் நின்றா. கையில் மீன் அப்படியே இருந்தது.

"அப்ப பளீலா?"

"பளீலாக்கு என்ன?"

"போன கிழமை அவ எந்த நோயாளிக்கும் எங்களோட வரல்ல. கூப்பிட்டும் வரல்ல. வீட்ட விட்டே இறங்கல்ல." ஜெஸீமா என்னைப் பார்த்தா. "எல்லாரும் நோயாளியத்தான் எழுதினா, அவ ஏன் தன்ட மாப்பிள்ளைய, கபூர் காக்காவ எழுதின?"

பின்பக்கக் கதவு காற்றில் அடித்துச் சாத்தியது. இரண்டு பேரும் துள்ளினோம். இந்த முறை பயந்தது நான் மட்டுமல்ல.

தமிழில் சொன்னால் ஊருக்குக் கேட்கும்

பளீலாவின் வீடு கடற்கரை வீதிக்கு உள்ளே. முன்னால் அவர்கள் குடியிருக்கும் சின்ன வீடு; பின்னால் மகளுக்காகக் கட்டுகிற வீடு. மகளுக்கு வீடு கொடுத்துத்தான் எங்கள் பக்கத்தில் கலியாணம். சுவர் எழும்பியிருந்தது. கூரை இல்லை. யன்னல் ஓட்டைகளுக்குள்ளால் காற்று நுழைந்து ஒரு நீண்ட ஊளையாக வெளியே வந்தது.

ஜெஸீமா சுற்றி வளைக்கவில்லை. "பளீலா, கபூர் காக்காக்கு என்ன வருத்தம், என்ன நோய்?"

"ஒண்டுமில்ல ராத்தா."

"என்னப் பாத்துச் செல்லு."

அவள் பார்க்கவில்லை. முந்தானையைச் சுருட்டினாள், விரித்தாள். பிறகு ஒரே மூச்சில் வந்தது.

"போட் போறதுக்கு முந்தின பின்னேரம் ராத்தா. வீட்டு முத்தத்துல இரிந்து கதைச்சிக்கிட்டு இரிந்த மனுசன் பேச்சில்லாமப் போயிட்டாரு. மேலெல்லாம் தண்ணியா வேர்த்துக் கொட்டின. இடக்கையைப் புடிச்சிக்கிட்டே இரிக்காரு. வாய்வு எண்டாரு. கொத்தமல்லி அவிச்சிக் குடுத்தன். ஆருக்கும் மூச்சு விடாத, முதலாளிக்குத் தெரிஞ்சா இனி ஒரு போட்லயும் என்ன ஏத்த மாட்டாங்க, மறுகா புள்ளட வீடு இப்பிடியேதான் எண்டாரு. விடிய எழும்பிப் போயிட்டாரு."

"எங்கிட்டயாவது செல்லியிரிக்கலாமே" என்றேன்.

"எப்பிடிச் செல்ற சேர்? தமிழ்ல சென்னா ஊருக்கே கேக்கும்." முந்தானையை மறுபடி சுருட்டினாள். "இங்கிலீஷ்ல செல்லுவம் எண்டு பாத்தன். வருத்தத்தின்ட பேர் எனக்கு வரல்ல."

 ஜெஸீமா எழும்பி, கொடியில் கிடந்த அபாயாவை எடுத்து அவளிடம் நீட்டினா. "நட, முதலாளிக்கிட்ட."

பளீலா அசையவில்லை. "சென்னா அவர்ர தொழில் போயிரும் ராத்தா. திரும்பி வந்து என்னோட கதைக்கமாட்டாரு."

"திரும்பி வந்தாத்தானே கதைக்காம இரிக்க!" என்றா ஜெஸீமா.

செட்டுக்குள் ஒரு குரல்

கபூர் போன படகின் முதலாளி ஜவாதுடைய வாடி கரையில்தான். வலையும் ஐஸ் பெட்டிகளும் அடுக்கிய கொட்டில். மூலையில், கடலில் இருக்கும் படகுகளோடு கதைக்கிற செட். பெண்கள் அந்த வாடிக்குள் வருவது வழக்கமில்லை. ஜவாத் முதலாளி பளீலாவைக் கண்டதும் எழும்பி நின்றுவிட்டார்.

நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் நம்பாமல் பார்த்தார்.

"சேருக்கு எப்பிடித் தெரியும்?"

"கட்டுரையைப் பாத்துத் தெரிஞ்சிக்கிட்டன்."

"கட்டுரையில வருத்தம் எண்டு எழுதியிரிந்ததா?"

"இல்ல. முத்தத்துல இரிந்தாரு எண்டு எழுதியிரிந்த."

"முத்தத்துல இரிந்தா வருத்தமா? நானும் முத்தத்துலதான் இரிக்கிற!"

"கேட்டுப் பாருங்க முதலாளி" என்றாள் பளீலா, வாசலுக்கு வெளியே நின்றபடி. அவர் மறுபேச்சுப் பேசாமல் செட்டைத் திருகினார்.

இரைச்சல். மழை பெய்கிற மாதிரி, ஆனால் மழை இல்லை. கடல் கறுத்துக்கொண்டு வந்தது. இரைச்சலுக்குள்ளிருந்து ஒரு குரல் எழும்பும், முழுவதும் எழும்பாமல் அமிழ்ந்துபோகும். ஏதோ ஒரு படகில் யாரோ சிரித்தார்கள். யாரோ சிங்களத்தில் காற்றைப் பற்றிச் சொன்னார்கள். கடைசியில் எங்கள் படகின் ஓட்டி கிடைத்தான். முதலாளி கபூரைக் கேட்டார். நீண்ட நேரம் இரைச்சல் மட்டும்.

"நான்... நல்லா... இரிக்கன்... முதலாளி. ஆரு... சென்ன?"

ஜவாத் முதலாளி எங்களைப் பார்த்து, இதோ பாருங்கள் என்பது போலக் கையை விரித்தார். எனக்கும் மூச்சு வந்தது. பளீலா உள்ளே வந்தாள். வழக்கத்தை மறந்து நேரே செட்டருகே வந்து நின்றாள்.

"இது அவர் கதைக்கிற கதை இல்ல முதலாளி. ஒரு சொல்லுக்கும் மத்தச் சொல்லுக்கும் நடுவுல மூச்செடுக்காத மனுசன் அவரு. ஓட்டியக் கேளுங்க."

முதலாளி அவளை ஒரு கணம் பார்த்தார். பிறகு செட்டை வாயருகே வைத்து, குரலை மாற்றிக் கேட்டார்: "தம்பி, பக்கத்துல ஆளில்லாம வந்து உண்மையச் செல்லு."

மறுபடி இரைச்சல். பிறகு ஓட்டியின் குரல், தணிந்து: "காக்கா வலை இழுக்கல்ல முதலாளி. வந்த நாளில இரிந்து படுத்துத்தான் கிடக்காரு. மேல் எரியுதாம் எண்டு ஐஸ் அறை மூடிக்கு மேலதான் கிடப்பாரு. எழுப்பினா எழும்புறாரு. சில நேரம் கெதியா எழும்புறாரு இல்ல. முதலாளிக்கிட்டச் செல்லப்படாது எண்டு சத்தியம் வாங்கினவரு."

பளீலா செட்டைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அழவில்லை. செட்டின் சின்னச் சிவப்பு விளக்கு அவள் கண்ணில் தெரிந்தது.

"வலையை அறுத்து விட்டுட்டு வா" என்றார் முதலாளி. "இந்த நிமிசம் திருப்பு."

நடந்தது

படகு மறுநாள் பின்னேரம் ஒலுவில் துறைமுகத்துக்கு வந்தது. கபூர் இரண்டு பேரில் சாய்ந்துகொண்டு தானே இறங்கினார். முகம் ஈரச் சாம்பலின் நிறத்தில் இருந்தது. பளீலாவைக் கண்டதும் ஏசத் தொடங்கினார். பாதியில் மூச்சு முடிந்தது. ஓட்டோவில் ஏற்றும்போது மயங்கினார். ஆஸ்பத்திரியில் நெஞ்சில் வயர்களை ஒட்டிப் படம் எடுத்தார்கள், இரத்தம் எடுத்தார்கள், உள்ளே கொண்டுபோனார்கள். பிழைத்துக்கொண்டார். இனிக் கடலுக்குப் போக முடியாது. ஜவாத் முதலாளி கரையில் ஐஸ் கணக்குப் பார்க்கும் வேலை கொடுத்திருக்கிறார். மகளின் வீட்டுக்கு இன்னும் கூரை போடவில்லை. பளீலாவோடு சில நாள் பேசாமல் இருந்தார். அதற்கு மேல் அவரால் வாயை மூடி இருக்க முடியவில்லை.

கடலில் அவருக்கு என்ன நடந்தது என்று டாக்டரிடம் கேட்டேன். கடலில் ஒன்றும் நடக்கவில்லை என்றார் அவர். மாரடைப்பு அதற்கு முதலே, கரையில் வைத்தே வந்திருக்கிறது. கபூர் அதோடுதான் படகில் ஏறினார். என் பேனா அந்தக் கொப்பியைத் தொடும் முன்பே மாரடைப்பு இறந்த காலம்; ஆள் மட்டும் நிகழ்காலம்.